தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகையில் நான் தனியாக லண்டனில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் என்னை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். தேநீர் தந்தார். நான் அழுதபோது மூக்குத் துடைக்கக் கடதாசியும் தந்தார். விசாரணை முடிந்ததும் ஒரு தாளைக் கையில் கொடுத்து வெளியே போகச் சொன்னார். இனிமேல் பயமில்லை, எங்கள் ஆட்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் தாண்டினேன்.

வெளியே எனக்காக ஒருவர் நின்றார். பிளேஸ்டோவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அதில் யாழ்ப்பாணத்து இளைஞர்களைத் தங்கவைத்திருந்தவர். எல்லோரும் அவரை வீட்டுக்கார அண்ணை என்று கூப்பிட்டார்கள். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உதுதான் கோட்டோ?"

"ஓம் அண்ணை. கொழும்பில எடுத்தது."

"செத்தவனுக்குப் போட்டு விடுறது மாதிரிக் கிடக்கு."

ரயிலில் ஏறியதும் அவர் எனக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். உட்காருவதற்கு முன் காதருகே குனிந்து, "என்னோட கதைக்காத. நான் இறங்கேக்க நீயும் இறங்கு" என்றார். ஆறேழு பேர் ஏறி எங்களுக்கு நடுவே நின்றார்கள். அவர்களுடைய கால்களுக்கிடையால் அவருடைய சப்பாத்தைப் பார்த்தபடியே வந்தேன். அந்தச் சப்பாத்தைத் தவறவிட்டால் இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை.

என் மனதில் வேறொரு பாரமும் இருந்தது. நான் போகும் அந்த வீட்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவருடைய வீடு. அவர் எண்பத்து நாலிலேயே வெளிக்கிட்டு லண்டன் வந்துவிட்டார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவருடைய ஒரே தம்பி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்தத் தம்பி ஐப்பசியில் செத்துப்போனான். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம் அது. ஊரில் தொலைபேசி இல்லை. கடிதம் போனால் போனது, போகாவிட்டால் இல்லை. அண்ணனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் அவருடைய அம்மா எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "நீ போய் நேரில சொல்லு ராசா. வந்த உடன சொல்லாத. அவன் வேலையால வந்து சாப்பிட்டு முடியச் சொல்லு. வெறும் வயித்தில கேட்டா அவன் தாங்கமாட்டான்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தப் பயணம் முழுக்க, எப்படித் தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 'அண்ணை, ஒரு விசயம்' என்று தொடங்கலாம். அல்லது, 'அம்மா சுகமாயிருக்கிறா' என்று முதலில் சொல்லிவிட்டு மெல்லத் தொடரலாம்.

பிளேஸ்டோவில் இறங்கியபோது இருட்டிவிட்டது. நாலரை மணிக்கே இருட்டும் ஊர் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கதவு. தெருமுனையில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு இருந்தது. அதைத் தாண்டி நாங்கள் அந்த வீட்டுக்குள் போனோம்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கொழுத்தவர், சமையலறையில் கோழிக் கறி வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர் கண்ணாடி போட்டவர், கம்பளிக்குள் சுருண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் உற்சாகமாக எழுந்து வந்தார்கள். என் பையை வாங்கி நிலத்தில் கவிழ்த்தார்கள். அம்மா கட்டித் தந்த புழுக்கொடியலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் கொழுத்தவர். கண்ணாடிக்காரர் என் உள்ளுடுப்பு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதென்னடா, கொடியேத்தப் போறியோ?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதிதாக வருபவன் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

பிறகு ஊர்க்காரரின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று கேட்டேன்.

"அவர் வேலை. ஏழு மணிக்குத்தான் வருவார்" என்றார் வீட்டுக்கார அண்ணை. சொல்லும்போது மற்ற இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏழு மணி வரைக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை என்ற ஆறுதல்தான் வந்தது.

கொழுத்தவர் எனக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டு, மேலே கோழிக் கறியும் ஊற்றித் தந்தார். நான் சரியாகச் சாப்பிட்டு ஒரு நாளுக்கு மேலாகிறது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து கையை வைக்கப் போனேன். பக்கத்தில் சுவரோரம் இருந்த தொலைபேசி அடித்தது.

வீட்டுக்கார அண்ணை எடுத்தார். "யெஸ். யெஸ் சேர்" என்றார். முகம் இறுகியது. தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"இமிகிரேஷன். உன்னைத்தான் கேக்கிறாங்கள். என்னடா சொல்லிப்போட்டு வந்தனி?"

கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்தேன். காதில் வைத்ததும் ஒரு தடித்த குரல் ஆங்கிலத்தில் வேகமாக எதையோ அதட்டியது. ஒன்றும் பிடிபடவில்லை. "யெஸ் சேர்" என்றேன். பிறகு இன்னொரு குரல் வந்தது. தமிழ்தான், ஆனால் இந்தியத் தமிழ்.

"தம்பி, நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். ஐயா உங்க மேல ரொம்பக் கோபமா இருக்காரு. நீங்க சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்றாரு."

"ஐயா, இல்லை ஐயா. நான் பொய் சொல்லேல்லை."

"நேரா நிக்கிறீங்களா? ஐயாகிட்டப் பேசும்போது நேரா நிக்கணும்."

நான் நேராக நின்றேன். தொலைபேசியில் அதை எப்படிப் பார்க்க முடியும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. தடித்த குரல் மறுபடி அதட்டியது.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு எழுதியிருக்கீங்க. எங்க, ஒண்ணுலேருந்து சொல்லுங்க பாப்போம்."

"வன். டூ. த்ரீ."

"சத்தமா."

சத்தமாகச் சொன்னேன். முப்பது வரை போனதும் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். பத்தொன்பதில் தடுமாறினேன். திரும்பத் தொடங்கச் சொன்னார். எனக்குப் பின்னால் மூன்று பேரும் நின்றார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்காரர் கம்பளியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். எனக்காகப் பயந்து அழுகிறார் என்று நினைத்தேன்.

"உடம்புல காயம் இருக்கா?"

"முதுகில இருக்கு ஐயா."

"சட்டையைக் கழட்டி அங்க இருக்கிறவங்ககிட்டக் காட்டுங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும்."

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு சட்டையைக் கழற்றினேன். மாடிப்படியடி இடைகழி குளிரில் விறைத்துக் கிடந்தது. என் முதுகைப் பார்த்துக் கொழுத்தவர், "ஓம், கிடக்குது சேர்" என்று உரத்துச் சொன்னார். அவருடைய குரல் சிரிப்பில் உடைந்ததை நான் வேறுவிதமாக எடுத்துக்கொண்டேன்.

"சரி தம்பி. ஐயா முடிவு பண்ணிட்டாரு. இன்னிக்கு ஃபிளைட்டுலயே உங்களைத் திருப்பி அனுப்புறாங்க. வண்டி கிளம்பிடுச்சு. பத்து நிமிசத்துல வாசலுக்கு வரும்."

அம்மா, விற்ற காணி, வந்த வழி எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. காலில் விழுவது போலக் கெஞ்சினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதும் நினைவில்லை. சந்தியில் பிடித்துக்கொண்டு போனது, முகாமில் வைத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். விமான நிலையத்தில் அந்த நல்ல மனிதரிடம் சொல்லக் கூசியவற்றைக்கூட இந்த மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அவர் "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை அவர் மூச்சை அடக்குவது போல ஒரு சத்தம் வந்தது.

"அதெல்லாம் இனிமே ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. பெட்டியைக் கட்டுங்க."

அப்போதுதான் அந்த அம்மா படலையில் நின்றது என் நினைவுக்கு வந்தது. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினேன்.

"ஐயா, என்னை அனுப்புங்கோ. பரவாயில்லை. ஆனா ஏழு மணிவரைக்கும் விடுங்கோ. இந்த வீட்டில ஒராள் இருக்கிறார், வேலையால வரேல்லை. அவரிட்ட ஒரு விசயம் சொல்லவேணும். அவற்ற அம்மா என்னட்டத்தான் சொல்லி விட்டவ."

"என்ன விசயம்?"

"அவற்ற தம்பி செத்துப்போனான் ஐயா. அவருக்குத் தெரியாது. நான் சொல்லாட்டி ஆரும் சொல்லமாட்டினம்." அவருடைய பெயரையும் சொன்னேன்.

மறுபக்கம் ஒரு பேருந்து கடந்து போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. வண்டியை நிறுத்துவது பற்றி அதிகாரியிடம் கேட்கிறார் போல என்று காத்திருந்தேன்.

"என்ன சொன்னனீ?"

அது இந்தியத் தமிழ் இல்லை.

"ஐயா?"

"எந்தத் தம்பி?"

"அவருக்கு ஒரு தம்பிதான் ஐயா."

"எப்ப?"

"ஐப்பசியில. சங்கக்கடையில மண்ணெண்ணெய் வரிசையில நிண்டவன். பொம்பர் வந்து குண்டு போட்டது."

எனக்குப் பின்னால் அடக்க முடியாமல் மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கொழுத்தவர் கண்ணைத் துடைத்தபடி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, "மச்சான், காணும், வா. பெடி மூத்திரம் போயிடுவான்" என்றார். கேட்டுக்கொண்டே நின்றார். அவருடைய சிரிப்பு வாயிலேயே நின்றுபோனது.

"நீ என்னடா அவனுக்குச் சொன்னனீ?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதிகாரியும் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. தெருமுனைக் கூண்டுக்குள் நின்று இரண்டு குரலிலும் பேசியது எங்கள் ஊர்க்காரர். பள்ளிக்கூட நாடகங்களில் எந்தக் குரலையும் பேசிக் காட்டுவார் என்று அவருடைய தம்பி என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். புதிதாக வரும் ஒவ்வொருவனுக்கும் அந்த வீட்டில் முதல் நாள் இப்படி ஒரு பகிடி நடக்குமாம். அவருக்கும் யாரோ செய்திருக்கிறார்கள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். வண்டி வராது, என்னைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். அடுத்து வந்ததும் ஒருவகைச் சந்தோசம்தான். சட்டையில்லாமல் நின்ற என்னை வைத்துச் சிரித்தவனுக்கு நன்றாக வேண்டும் என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன். அவருடைய அம்மாவின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வீட்டுக்கார அண்ணை ஓடிப்போய் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். மெலிந்த, சாதாரண ஆள். நெற்றியும் காதும் தம்பியின் அச்சு. பகிடியை முடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்பதற்காக ஒரு பைக்குள் பியர் டின்கள் வாங்கி வைத்திருந்தார். பை கையிலேயே இருந்தது. அவர் என் முன்னால் நின்றார்.

"சொல்லு."

"அண்ணை, நான் நேரில சொல்லத்தான்..."

"சொல்லடா."

சொன்னேன். அவர் விடவில்லை. அதிகாரியாக நடித்தபோது கேட்ட கேள்விகளைவிட இப்போது கேட்டவை கொடுமையானவை. உட்காரவும் விடவில்லை, சட்டையைப் போடவும் விடவில்லை.

"நீ பாத்தனியோ?"

"ஓம்."

"முகம் இருந்ததோ?"

"இருந்தது."

"பொய். முகம் இருந்தா அம்மா ஏன் செத்தவீட்டுப் படம் ஒண்டும் தந்து விடேல்லை? முகம் இருந்ததோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஆர் அடையாளம் காட்டினது?"

"அம்மாதான். அவன் போட்டிருந்த சேட்டைப் பாத்து. நீங்கள் இஞ்சயிருந்து அனுப்பினது."

கண்ணாடிக்காரர், "காணும் மச்சான், விடு" என்றார். ஊர்க்காரரின் காதில் அது விழவில்லை.

"நீயும் அந்த வரிசையில நிண்டனியோ?"

"இல்லை."

"ஏன் நிக்கேல்லை?"

எங்கள் வீட்டில் அன்றைக்கு மண்ணெண்ணெய் இருந்தது. அதைச் சொல்ல முடியுமா? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்னை அனுப்பியிருக்கினம்" என்றார். "பள்ளிக்கூடச் சோதினையை எடுத்துப்போட்டு இஞ்ச வா எண்டு நான்தான் அவனை மறிச்சனான். உன்னை அனுப்பியிருக்கினம்."

அதற்குப் பிறகுதான் அவர் அழத் தொடங்கினார். நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

செத்தவீடு ஆகிவிட்டது என்று கொழுத்தவர் அடுப்பை அணைத்தார். சட்டியிலிருந்த கோழிக் கறியைக் குப்பையில் கொட்டினார். படியில் நான் வைத்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த நேரத்திலும் பசித்தது. ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது குப்பைத் தொட்டிக்குள் விழுகிற இறைச்சித் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த தெருவில் இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று செய்தி கேட்டுப் பாணும் சம்பலும் கொண்டுவந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்கும் நிலையிலும் யாரும் இல்லை.

வீட்டுக்கார அண்ணை என்னை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு மெத்தையைக் காட்டினார். நான் பையை வைப்பதற்குள் ஊர்க்காரர் பின்னாலேயே ஏறி வந்தார்.

"அதில படுக்காத. அது அவனுக்கு எடுத்தது."

அவர் மெத்தையை இழுத்துக்கொண்டு தன்னுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வீட்டுக்கார அண்ணை அந்தக் கதவையும் என்னையும் பார்த்தார்.

"முதல் நாளே செத்தவீட்டைக் கொண்டுவந்து வைச்சிட்டாய்" என்றார். "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்தானே?"

ஊரிலிருந்து கொண்டுவந்த, இடுப்பில் கட்டும் சாரத்தை வெறும் நிலத்தில் விரித்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் நான் மார்கழி முடியும்வரை இருந்தேன். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை யாரும் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. முடிந்ததும் பேசினார்கள். எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்திருந்தது. 'யெஸ் சேர்' என்று கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் நான் பின்னோக்கி எண்ணியதைச் செய்து காட்டுவார், பத்தொன்பதில் நான் தடுமாறியது உட்பட. ஊர்க்காரர் இருக்கும்போது மட்டும் செய்யமாட்டார். ஊர்க்காரர் என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அவர் அங்கிருந்து எழுந்து போய்விடுவார். லூயிஷாமில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் கிடைத்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கதவுவரை வந்தவர் கொழுத்தவர் ஒருவர்தான்.

அதன்பிறகு ஊர்க்காரரை ஆறு வருடமாகக் காணவில்லை. தொண்ணூற்றாறில் இல்ஃபோர்டில் அவருடைய மகனின் முதலாவது பிறந்தநாள். கொழுத்தவர் மூலம் எனக்கும் அழைப்பு வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். சொந்த வீடு, புதிய கார்ப்பெட், சுவரில் தம்பியின் படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை. பாடசாலைக் காலத்துப் படம் அது. அந்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். நன்றாகக் குடித்திருந்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாருமன். இவர்தான் அந்த 'யெஸ் சேர்'. சொல்லியிருக்கிறன் உமக்கு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆட்கள் கூடினார்கள். அவர் கதையைச் சொல்லத் தொடங்கினார். தடித்த குரலும் வந்தது, இந்தியத் தமிழும் வந்தது. என்னுடைய குரலையும் பேசினார். நான் கெஞ்சியதை, முகாமைப் பற்றிச் சொன்னதை, என்னைவிட நன்றாகவே பேசினார். சட்டை கழற்றிய இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொழுத்தவர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு?" என்று யாரோ ஒருவர் கேட்டார்.

"பிறகென்ன" என்றார் அவர். என் தோளில் இருந்த அவருடைய கை இறுகியது. "நான்தான் எண்டு சொல்லிப்போட்டன். வந்து கட்டிப்பிடிச்சு, பியர் உடைச்சு, எல்லாருமாச் சிரிச்சம். என்ன?"

என்னைப் பார்த்தார். அவருடைய மனைவியும் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நல்லாப் பயந்திட்டீங்களோ?" என்று மனைவி கேட்டார்.

"ஓம்" என்றேன். "நல்லாப் பயந்திட்டன்."

கேக் வெட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.